குடும்பத்தில் ஆறு பேர், ஒவ்வொருவர் கால் ஒவ்வொரு விதம்: கிரின்டெல்வால்ட் – வெங்கன் எங்களுக்குச் சரிவருமா?

மதி, பேர்ன் | ஜனவரி 8, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். பெப்ரவரி விளையாட்டு விடுமுறையில் மூன்று நாள் குடும்பத்தோடு கிரின்டெல்வால்ட் – வெங்கன் பக்கம் மலைக்குப் போக நினைத்திருக்கிறோம். மொத்தம் ஆறு பேர்.

மூத்தவளுக்கு 13 வயது. பாடசாலை ஸ்கீலாகருக்கு (ஸ்கீ முகாம்) இரண்டு தடவை போய்வந்தவள், நடுத்தரமான சிவப்புப் பாதையில் பயமில்லாமல் இறங்குவாள். இளையவனுக்கு 7 வயது. அவன் காலில் இன்னும் ஸ்கீ பூட்டியதே இல்லை. என் கணவர் சுவிஸுக்கு வந்து 19 வருடமாகிறது. அத்தனை குளிர்காலமும் உணவகச் சமையலறையிலேயே போய்விட்டது, இந்த வருடம் பழகியே தீருவேன் என்கிறார். எனக்கு இலகுவான நீலப் பாதை வரும். வேகம் கூடினால் முழங்கால் நடுங்கும். லண்டனிலிருந்து வரும் என் தம்பி பல்கலைக்கழக நாளிலிருந்து சறுக்குகிறவன், அவனுக்குக் கடினமான கறுப்புப் பாதை வேண்டும். அடுத்தது அம்மா. 68 வயது, இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறார். பேரப்பிள்ளைகள் பனியில் சறுக்குவதைக் கண்ணால் பார்த்தால் அவருக்குப் போதும்.

எந்த மலையின் பிரசுரத்தை எடுத்தாலும் "எல்லா நிலையினருக்கும் ஏற்ற சரிவுகள்" என்றுதான் போட்டிருக்கிறார்கள். காலையில் ஆறு பேரும் ஆறு பக்கம் பிரிந்து, இருட்டிய பிறகு ரயிலடியில் சந்திப்பதென்றால் அதற்குப் பெயர் குடும்பப் பயணமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

துன் ஏரிக்கரை | ஜனவரி 8, இரவு 11.15

தங்கச்சி, பேர்ன் ஓபர்லாந்து மலைகளில் 14 குளிர்காலம் லிஃப்ட் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீலம் எத்தனை கிலோமீட்டர், கறுப்பு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் ஆறு பேரில் கால் பலம் மிகக் குறைந்தவர் யார்? அவர் மேலே நின்றுகொண்டு "இனி என்னால் முடியாது" என்று சொன்னால் எப்படிக் கீழே வருவார்? இதற்குப் பதில் இருக்கிற மலைதான் உங்களுக்கு உரிய மலை.

கிளைனே ஷைடெக்கை நான் சொல்வது இதனால்தான். 2061 மீட்டர் உயரத்தில், ஐகர் மலையின் வடக்கு முகத்தின் காலடியிலேயே ஒரு ரயில் நிலையம். ஒரு பக்கம் வெங்கனிலிருந்தும் மறுபக்கம் கிரின்டெல்வால்டிலிருந்தும் பற்சக்கர ரயில் ஏறி வந்து அங்கே சந்திக்கிறது. 1893-ல் போட்ட பாதை. ஸ்கீ பூட்டியவரும் ஏறலாம், அம்மா போலக் கம்பளிச் சால்வையோடு வருபவரும் ஏறலாம். வெங்கன் பக்கம் சறுக்கி இறங்கும்போது வெங்கர்னால்ப், அல்மென்ட் என்று நடுவழி நிலையங்கள் இருக்கின்றன. கால் சோர்ந்தால் ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான். வேறு பல மலைகளில் நடுவழியில் கால் சோர்ந்தால் நடந்து இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்புக்குழுவின் சறுக்குப் படுக்கையில் வர வேண்டும்.

வெங்கனில் சறுக்கிய ஆங்கிலேயர்கள் 1925-ல் ஒரு சங்கம் தொடங்கி, அதற்கு "டவுன்ஹில் ஒன்லி" என்று பெயர் வைத்தார்கள். இறக்கம் மட்டும் என்று பொருள். மற்ற இடங்களில் ஆட்கள் அரை நாள் வியர்த்து ஏறிய காலத்தில், இவர்களை ரயில் ஏற்றிவிட்டது. அந்த வசதிதான் இன்றைக்கு உங்கள் அம்மாவுக்கும் கிடைக்கப்போகிறது.

தங்குவதற்கு வெங்கனைப் பாருங்கள். கார் போகாத ஊர், லவுட்டர்புருனெனில் ரயில் மாற வேண்டும். பழகுபவர்களுக்கான சரிவு ஊர் நடுவிலேயே இருக்கிறது. காலையில் தம்பியும் மூத்தவளும் மேலே போகட்டும். உங்கள் கணவரும் சின்னவனும் ஊருக்குள் வகுப்பில் நிற்கட்டும். அம்மா வீதியோரத்து வாங்கில் இருந்து பார்க்கட்டும். வகுப்பு முடிந்ததும் ரயிலேறினால் சுமார் அரை மணியில் ஷைடெக். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆறு பேரும் ஒரே மேசையில் இருக்கலாம்.

இரண்டாம் தலைமுறை | ஜனவரி 9, காலை 7.20

துன் அண்ணா சொன்னதோடு நூறு வீதம் உடன்படுகிறேன். பாடசாலை முகாம்களில் நான் ஆறு வருடமாகப் பிள்ளைகளுக்கு ஸ்கீ சொல்லிக்கொடுக்கிறேன். நிறங்களைப் பற்றி ஒரு விளக்கம் தர வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் பலர் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

இங்கே பாதைகள் நீலம், சிவப்பு, கறுப்பு என்று மூன்று. பிரான்ஸில் இருக்கும் பச்சை இங்கே இல்லை. அதனால் நம்முடைய நீலத்துக்குள் மிகச் சாதுவானதும் அடங்கும், கொஞ்சம் உறுத்துவதும் அடங்கும். நீலம் என்றால் சாய்வு 25 வீதத்துக்குள், சிவப்பு என்றால் 40 வீதத்துக்குள்; திறந்த வெளியில் சிறு துண்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 40 வீதம் என்பது ஏறக்குறைய 22 பாகை. கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும், மேல் விளிம்பில் நின்று பார்த்தால் அப்படி இருக்காது.

அந்த நிறம் நிலத்தின் சாய்வை மட்டுமே சொல்கிறது. அன்றைய பனியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இரவு உறைந்த நீலப் பாதை காலை எட்டரைக்குக் கண்ணாடி போல இருக்கும். அதே பாதை பதினொரு மணிக்கு வெண்ணெய் போல இருக்கும். மூன்று மணிக்கு ஆயிரம் பேர் உழுதுவிட்டுப் போன ஈரமணல் மேடுகள்தான் மிஞ்சும். தொடங்குகிறவர்கள் விழுவது பெரும்பாலும் அந்த மூன்று மணிப் பனியில்.

மதி அக்கா, உங்கள் மகள் வகுப்பில் எந்த மெடல் வாங்கினாள் என்று பாருங்கள். சுவிஸ் ஸ்கீப் பள்ளிகளில் நீல இளவரசி, நீல அரசி, நீல நட்சத்திரம், அதற்குப் பிறகு சிவப்பு இளவரசி என்று படிப்படியாகப் போகும். நீல நட்சத்திரம் என்றால் சிவப்புப் பாதையில் மாமாவுக்குப் பின்னால் தனியே விடாதீர்கள். பிள்ளைகள் பெரியவர்களின் வேகத்தைத்தான் பின்பற்றுவார்கள், பாதையை அல்ல.

சின்னவனைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏழு வயது அருமையான வயது. முதல் நாள், ஆட்களை மேலே ஏற்றிவிடும் ஓடும் கம்பளத்தில் ஏறுவான், "பீட்சா" என்றால் ஸ்கீ முனைகளைச் சேர்ப்பான், "பொம்ஸ்" (உருளைக்கிழங்குப் பொரியல்) என்றால் நேராக்குவான். நான் கவலைப்படுவது உங்கள் கணவரைப் பற்றி. அவருக்கு நீங்களோ தம்பியோ சொல்லிக்கொடுக்காதீர்கள். தயவுசெய்து ஆசிரியரிடம் விடுங்கள்.

ஆராவ் பெரியவர் | ஜனவரி 9, மாலை 6.05

பிள்ளைகள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் ஒருவரும் காசைப் பற்றிப் பேசவில்லையே. ஒருநாளும் ஸ்கீ பூட்டாத இரண்டு பேருக்கு ஐகர் அடிவாரம் எதற்கு? பழகுவதற்கு வேண்டியது ஐம்பது மீட்டர் சரிவு. அது கன்ட்ரிஷ் பக்கம் செலிடாலில் இருக்கிறது. ஹாஸ்லிபெர்க்கில் பிட்மி என்ற இடத்தில் சிறுவர்களுக்கென்றே தனி வெளி இருக்கிறது. அங்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழகிவிட்டுப் பெரிய மலைக்குப் போவதுதான் முறை.

நான் பட்டதைச் சொல்கிறேன். 2004-ல் நண்பர்களோடு ஒரு பெரிய மலைக்குப் போனோம். என் மனைவிக்கு அன்றுதான் முதல் நாள். "நீலம்தானே, மெதுவாக வந்துவிடலாம்" என்று எல்லோரும் சொல்லி, நானும் சேர்ந்து சொல்லி, கம்பியில் ஓடும் கொண்டோலாவில் உச்சிக்கு ஏற்றிவிட்டோம். பனிமூட்டம் இறங்கியது. மூன்று தடவை விழுந்தா. நாலாம் தடவை எழும்ப மறுத்துவிட்டா. இரண்டு மணித்தியாலம் பாதையின் ஓரமாக, அந்தக் கனத்த சப்பாத்தோடு, குதிக்கால் குத்திக் குத்தி நடந்து இறங்கினோம். அவவுடைய கையுறை முழுக்க ஈரம், விரல்கள் வெளிறிப் போயிருந்தன. அன்றைக்குப் பிறகு ஸ்கீயைத் தொடவேயில்லை. இருபது வருடமாகிவிட்டது. அவ பயந்தவ அல்ல. பிழை எங்களுடையது.

இரண்டாம் தலைமுறை | ஜனவரி 9, இரவு 8.40

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. இப்படி ஒரு நாளில் ஸ்கீயை விட்டவர்கள் நம் சமூகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒருவரும் வெளியே சொல்வதில்லை.

சின்ன மலையில் பழகச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். மதி அக்கா, இந்த மாதத்தில் ஒரு ஞாயிறு கிடைத்தால் கணவரையும் மகனையும் அங்கே கூட்டிப் போங்கள். சப்பாத்துப் போட்டு நடக்கவும், விழுந்து எழும்பவும் பழகினாலே போதும். ஆனால் செலிடால் போன்ற தாழ்ந்த இடங்களில் பனி இருக்கும் வாரமும் உண்டு, புல் தெரியும் வாரமும் உண்டு. புறப்படும் முன் பார்த்துவிட்டுப் போங்கள்.

சின்ன மலைகளில் கம்பளம் இல்லாத இடத்தில் இழுவை லிஃப்ட் இருக்கும், நங்கூரம் போல ஒரு கம்பு. அது கதிரை அல்ல. தொடைக்குப் பின்னால் அது வந்து தொட்டதும் உட்காரப் பார்ப்பார்கள், உட்கார்ந்தால் கம்பி நீண்டு அப்படியே நிலத்தில் இருத்திவிடும். நிமிர்ந்து நிற்க வேண்டும். முழங்கால் மட்டும் சற்று மடியலாம். விழுந்தால் கம்பை விட்டுவிட்டு உடனே பக்கவாட்டில் உருண்டு விலக வேண்டும், பின்னால் அடுத்தவர் வந்துகொண்டிருப்பார்.

தேம்ஸ் கரையோரம் | ஜனவரி 10, இரவு 12.30

மதி அக்காவின் தம்பி நான்தான். எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள். லவுபர்ஹோர்ன் போட்டிப் பாதையில் முழுதாக ஒரு தடவை இறங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஷில்ட்ஹோர்ன் உச்சியிலிருந்தும் இறங்க வேண்டும். ஐகருக்குக் கீழே பாதைக்கு வெளியே புதுப்பனியில் சறுக்குகிறார்களே, அதையும் பார்த்து வைத்திருக்கிறேன்.

துன் ஏரிக்கரை | ஜனவரி 10, மாலை 5.45

தம்பி, உங்களுக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது.

லவுபர்ஹோர்ன் 1930-லிருந்து நடக்கும் போட்டி. ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர், உலகக் கிண்ணத்தில் அதைவிட நீண்ட இறக்கம் இல்லை. போட்டியாளர்கள் இரண்டரை நிமிடத்தில் முடிக்கிறார்கள். ஹானெக் நேர்ச்சரிவில் 2013-ல் பிரெஞ்சு வீரர் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகம் தொட்டார். போட்டி ஜனவரி நடுவில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு பொதுமக்களுக்கு விடுவார்கள். ஹுண்ட்ஷோப்ஃ என்ற பாறை விளிம்பில் வீரர்கள் அந்தரத்தில் பாய்கிறார்களே, அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று கீழே பாருங்கள். பிறகு சுற்றிப் போகிற வழியால் இறங்குங்கள். இன்னும் கீழே ரயில் பாதைக்கு அடியில் ஒரு ஒடுங்கிய வழி வரும், போட்டிப் பாதையே அதற்குள்ளால்தான் போகிறது. நீங்கள் இறங்கும்போது மேலே ரயிலில் உங்கள் அம்மா போய்க்கொண்டிருக்கவும் கூடும்.

ஷில்ட்ஹோர்ன் அடுத்த மலை, 2970 மீட்டர். மியுரன் ஊர் வழியாகப் போக வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். உச்சியிலிருந்து இறங்கும் பாதை கறுப்பு, காலையில் கல் போல இருக்கும். 1928-ல் இங்கே தொடங்கிய இன்ஃபெர்னோ போட்டியில் பொதுமக்கள்தான் ஓடுகிறார்கள். பனி இருந்தால் லவுட்டர்புருனென் வரை சுமார் 15 கிலோமீட்டர். மியுரன் சாதாரண ஊர் அல்ல. கம்புகளைச் சுற்றி வளைந்து சறுக்கும் இன்றைய ஸ்லாலம் போட்டியின் விதி 1922-ல் அங்கேதான் உருவானது, முதல் உலக அல்பைன் சாம்பியன் போட்டி 1931-ல் அங்கேதான் நடந்தது.

மூன்றாவது ஆசைக்கு என் பதில் வேறு. வரைபடத்தில் மஞ்சள் கோடு என்றால், அடையாளம் நட்டிருக்கும், பனிச்சரிவிலிருந்து பாதுகாத்திருப்பார்கள், ஆனால் இயந்திரம் சீராக்காது, மாலையில் காவலர் கடைசியாகச் சுற்றிப் பார்க்கவும் வரமாட்டார். அது உங்களுக்குச் சரி, துணையோடு போங்கள். அதற்கும் வெளியே ஒரு கோடும் இல்லாத இடம், முழுக்க உங்கள் பொறுப்பு. தாவோஸில் இருக்கும் பனிச்சரிவு ஆய்வு நிலையம் ஒவ்வொரு நாளும் மாலை 5 மணிக்கு அறிக்கை வெளியிடுகிறது. அபாயம் ஐந்து படிகள். ஆட்கள் 4-க்கும் 5-க்கும் பயந்து வீட்டில் நிற்பார்கள். 3 என்றால் "நடுத்தரம்தானே" என்று போவார்கள். உயிரிழப்புகளில் சுமார் பாதி அந்த 3-ல் நடக்கிறது. பனிக்குள் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். ஹெலிகொப்டர் அவ்வளவு விரைவில் வராது, கூட இருப்பவர் புதைந்தவரைத் தேடும் கருவியோடும் மண்வெட்டியோடும் இருந்தால் மட்டுமே எடுக்க முடியும். உங்களுக்குத் துணை 13 வயது மருமகள் என்றால், பாதையை விட்டு ஒரு மீட்டரும் விலகாதீர்கள். நான் இதைக் கடுமையாகவே சொல்கிறேன். ஒரு மார்ச் மாதம் தேடுதல் கம்பு பிடித்து வரிசையில் நின்றவன் நான்.

தேம்ஸ் கரையோரம் | ஜனவரி 10, இரவு 10.10

புரிந்தது அண்ணா. மருமகளோடு சிவப்பு மட்டும். கறுப்புக்கு நான் ஒரு நாள் தனியாக மியுரன் போகிறேன், அதுவும் பாதைக்குள்.

நொய்யல் | ஜனவரி 11, காலை 10.30

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். மார்ச்சில் சுவிட்சர்லாந்து வருகிறோம். அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு நாள்தான். நானும் மனைவியும் அன்று ஒரு நாளிலேயே ஸ்கீ பழகிவிட முடியுமா?

இரண்டாம் தலைமுறை | ஜனவரி 11, பகல் 12.15

ஒரு நாளில் வளைந்து நிற்க மட்டும் பழகலாம். அதற்கே சப்பாத்து, ஸ்கீ, உடை, வகுப்பு என்று அரை நாள் போய்விடும். உங்கள் இடத்தில் நான் இருந்தால், உட்கார்ந்து சறுக்கும் பனிவண்டி எடுப்பேன். கிரின்டெல்வால்டிலிருந்து ஃபிர்ஸ்ட் மலைக்குப் போங்கள். குளிர்கால நடைபாதை இருக்கிறது, பனிவண்டிக்குத் தனிப் பாதையும் இருக்கிறது. நடக்கத் தெம்பிருந்தால் இரண்டரை மணித்தியாலம் ஏறி ஃபௌல்ஹோர்ன் வரை போகலாம். அங்கிருந்து ஊர் வரை 15 கிலோமீட்டர் பனிவண்டிப் பாதை. கணுக்காலை மூடும் சப்பாத்து வேண்டும், சாதாரண ஓட்டச் சப்பாத்தோடு வராதீர்கள், நிறுத்துவதே கால்தான்.

ஆராவ் பெரியவர் | ஜனவரி 12, இரவு 7.30

காப்புறுதி பற்றி ஒன்று. வாரத்துக்கு எட்டு மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கு வேலையிடத்து விபத்துக் காப்புறுதி ஸ்கீ விபத்துக்கும் பொருந்தும். வீட்டிலிருப்பவர்களும் பிள்ளைகளும் நோய்க் காப்புறுதியில் விபத்து சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அடிப்படைக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியைத்தான் தரும், அதுவும் வருடத்துக்கு 5000 பிராங்க் வரை. மிகுதிக்குத்தான் பலர் ரேகா மீட்புச் சேவைக்கு ஆதரவாளராகச் சேருகிறார்கள். ரேகாவின் எண் 1414, பிள்ளைகளின் தொலைபேசியிலும் போட்டு வையுங்கள். லண்டன் தம்பி பயணக் காப்புறுதியில் குளிர்கால விளையாட்டு உண்டா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

வாடகைக் கடையில் நிறை, உயரம், வயது கேட்பார்கள். உண்மையான நிறையைச் சொல்லுங்கள். சப்பாத்தை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு அதை வைத்துத்தான் முறுக்கப்படுகிறது. பூட்டு இறுகியிருந்தால் விழும்போது ஸ்கீ கழராது, முழங்கால் திரும்பிவிடும்.

மதி, பேர்ன் | பெப்ரவரி 11, இரவு 9.20

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

ஆராவ் ஐயா சொன்னபடி ஜனவரிக் கடைசி ஞாயிறு ஒரு சின்ன மலையில் கணவரும் மகனும் பழகினார்கள். பிறகு வெங்கனில் மூன்று நாள். முதல் நாள் காலை கணவர் வகுப்பில் எட்டுப் பேர், அவர்தான் மூத்தவர். பதினொரு மணிவாக்கில் முதல் தடவையாக இடது பக்கம் வளைந்தார். வலது பக்கம் அடுத்த நாள்தான் வந்தது. சின்னவன் அதற்குள் கம்பளத்தை விட்டுக் கயிற்று லிஃப்டுக்குப் போய்விட்டான்.

மத்தியானம் ரயிலில் ஷைடெக் போனோம். அம்மா பெட்டியின் சன்னலோரம் உட்கார்ந்து வந்தார். சுடுதண்ணீர்ப் போத்தலில் இஞ்சித் தேநீர், பையில் புளிச்சோறு. இறங்கியதும் வெளியே நின்று ஐகரை நிமிர்ந்து பார்த்தார், அதிகம் பேசவில்லை. தம்பியும் மகளும் லவுபர்ஹோர்ன் பக்கமிருந்து இறங்கி வந்தார்கள். மகளின் சிவப்புத் தலைக்கவசத்தைத் தூரத்திலேயே கண்டுபிடித்தது அம்மாதான். மகள் பக்கத்தில் வந்து ஸ்கீயைத் திருப்பி நிறுத்தியதும் பனித்தூள் எழும்பி அம்மாவின் சேலைக் கரையில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. உயரத்துக்காகப் பயந்து, அங்கிருந்து மேலே போகும் ரயிலின் கடைசி நிலையமான யுங்ஃபிராவ்யோஹ் கூட்டிப்போகவில்லை. 3454 மீட்டர் அவருக்கு வேண்டாம் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார்.

இரண்டாம் நாள் நான் வெங்கனுக்கு மேலே உள்ள மென்லிஹென் மலையில் சறுக்கினேன். அகலமான வெளி, காலை வெயில், என் முழங்காலுக்கு ஏற்ற சாய்வு. தம்பியும் மகளும் கிரின்டெல்வால்ட் வரை சறுக்கிப் போனார்கள். கீழே 1000 மீட்டருக்குப் பக்கத்தில் பனி கஞ்சியாக இருந்ததாம். நான் அதற்குப் போகாமல் கேபிள் காரில் வெங்கன் இறங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் தம்பி தனியே ஷில்ட்ஹோர்ன் போனான். நாங்கள் ஐந்து பேரும் ஷைடெக்கிலிருந்து கீழ்நோக்கிப் புறப்பட்டோம், கணவர் வெங்கர்னால்ப் நிலையம் வரை சறுக்கினார். அங்கே தொடை நடுங்கத் தொடங்கியது. ஸ்கீயைக் கழற்றினார், பத்து நிமிடத்தில் ரயில் வந்தது, உள்ளே அம்மா இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினார்கள். துன் அண்ணா, அந்த நேரம் உங்களை நினைத்தோம்.

அடுத்த மாதம் ஹாஸ்லிபெர்க்கில் மகனுக்கு இரண்டு நாள் வகுப்புப் பதிந்திருக்கிறேன். வாடகைச் சப்பாத்து அவனுக்குக் கணுக்காலில் உரசுகிறது. 21.5 அளவில் யாரிடமாவது பழைய ஸ்கீச் சப்பாத்து இருக்கிறதா?

இரண்டாம் தலைமுறை | பெப்ரவரி 11, இரவு 9.55

என் மருமகனுடையது இருக்கிறது அக்கா, அளவு 21.5, ஒரு குளிர்காலம்தான் போட்டான். இடது கொளுக்கி ஒன்று இறுக்கம், மற்றபடி நல்லது. சனிக்கிழமை பேர்ன் ரயிலடிக்குக் கொண்டுவருகிறேன். மகனையும் தடித்த ஒற்றைக் காலுறையோடு கூட்டி வாருங்கள், அங்கேயே போட்டுப் பார்க்கலாம்.